கணக்கு அக்கா பதில்கள்: ஸ்டார்ட்அப் காசு யார் காசு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆப் கம்பெனிகளைப் பற்றித்தான். ரிட்டர்ன் போடும் சீசனில்கூட இத்தனை கேள்வி வராது. அதனால் வருமான வரி சந்தேகங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பண விஷயம் என்பதால் வழக்கம்போல் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் என் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்து கேட்டவர்களின் கேள்விகளும் இதில் கலந்திருக்கின்றன.

போச்சம்பள்ளி வாசகர்: எங்கள் ஊர்ப் பக்கம் ஓலா ஸ்கூட்டர் ஃபேக்டரி இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். கண்ணால் பார்க்கிற கம்பெனி, தைரியமாக ஷேர் வாங்கு என்கிறார் மச்சான். வாங்கலாமா?

மச்சான் பார்ப்பது காம்பவுண்டு சுவரை. 2020 டிசம்பரில் தமிழ்நாடு அரசோடு 2,400 கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தம் போட்டு, 500 ஏக்கரில் எழுந்த ஃபேக்டரி அது. 2024 ஆகஸ்டில் ஐபிஓ, அதாவது பொதுமக்களுக்கு முதல் ஷேர் விற்பனை, வந்தபோது ஒரு ஷேர் 76 ரூபாய். அதே மாதம் 157 வரை போனது. வருடம் முடிவதற்குள் 76க்குக் கீழேயும் இறங்கியது. அத்தனை நாளும் ஃபேக்டரி அதே இடத்தில்தான் இருந்தது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் இந்த ஏற்ற இறக்கம் முன்கூட்டித் தெரிந்திருக்க வழியில்லை.

ஓசூரிலிருக்கும் ஏதரும் அப்படித்தான். ஐஐடி மெட்ராஸில் படித்த இரண்டு பேர் 2013இல் தொடங்கியது. 2025 ஏப்ரலில் ஒரு ஷேர் 321 ரூபாய் என்று ஐபிஓ வந்தது. ஓலா, ஏதர் இரண்டுமே பொதுமக்களிடம் பணம் கேட்டு வந்த நேரத்தில் நஷ்டத்தில் இருந்தவை. ஒளித்து வைக்கவில்லை, ஐபிஓ புத்தகத்தில் அவர்களே எழுதியிருந்தார்கள். நம் ஆட்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

ஒரு மின்சார ஸ்கூட்டர் விற்றால் அதற்குள் யார் யார் காசு இருக்கிறது என்று பாருங்கள். வாங்குகிறவர் காசு ஒன்று. முதலீட்டாளர் காசு ஒன்று. மூன்றாவது, அரசு மானியம். பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் 2024 அக்டோபரிலிருந்து ஒரு ஸ்கூட்டருக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று இருந்தது, அடுத்த நிதியாண்டில் 5,000 ஆனது. மானியம் குறையக் குறைய எந்தக் கம்பெனி வாங்குகிறவர் காசிலேயே நிற்கிறதோ அதுதான் நிற்கும். ஓசூரில் பல பத்தாண்டுகளாக வண்டி செய்யும் டிவிஎஸ் இதே பந்தயத்தில் இருக்கிறது என்பதையும் மச்சானிடம் சொல்லுங்கள்.

வாங்கு, விற்காதே என்று சொல்லும் லைசென்ஸ் எனக்கு இல்லை. ஏற்கெனவே வாங்கி நஷ்டத்தில் விற்றிருந்தால் அந்த நஷ்டத்தைக் கெடுவுக்குள் ரிட்டர்னில் காட்டுங்கள். எட்டு வருடம் வரை வருகிற ஷேர் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். வெட்கப்பட்டுக்கொண்டு காட்டாமல் விடுகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

பர்கூர் வாசகி: என் பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ஒரு ஸ்டார்ட்அப் வருடம் 24 லட்சம் என்று லெட்டர் கொடுத்திருக்கிறது. அதில் 10 லட்சம் ஈசாப்பாம். பொண்ணு பார்த்துக்கொண்டிருக்கிறோம். புரோக்கரிடம் 24 என்று சொல்லலாமா?

14 என்று சொல்லுங்கள் அம்மா. கல்யாணம் முடிந்தபிறகு 24 ஆனால் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஈசாப் என்றால், கம்பெனி ஷேரை முன்பே பேசி வைத்த விலைக்குப் பின்னால் வாங்கிக்கொள்ளும் உரிமை. உரிமை மட்டும்தான், ஷேர் இன்னும் கைக்கு வரவில்லை. முதல் ஒரு வருடம் எதுவும் கிடையாது, சட்டமே அப்படி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உரிமை பழுக்கும், பெரும்பாலும் மொத்தம் நாலு வருடத்தில். பத்து மாதத்தில் வேறு வேலைக்குத் தாவினால் அந்த 10 லட்சம் காகிதத்தோடு முடிந்தது. இரண்டு வருடம் இருந்துவிட்டுக் கிளம்பினால் பழுத்த பங்கைப் பெரும்பாலும் 90 நாளுக்குள் காசு கட்டி வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும். லெட்டரோடு ஈசாப் பாலிசி என்று தனியாக ஒரு கட்டு தருவார்கள். அதில் இந்த நாள் கணக்கு இருக்கும். பையன் அதைப் படித்தானா என்று கேளுங்கள். படித்திருக்க மாட்டான்.

வரி இன்னும் வேடிக்கை. பேசிய விலை ஒரு ஷேர் 10 ரூபாய், வாங்கும் அன்று மதிப்பு 500 ரூபாய், ஆயிரம் ஷேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள 4,90,000 ரூபாயை அந்த வருடச் சம்பளத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். 30 சதவீத வரம்பில் இருந்தால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஷேரை விற்று வரி கட்டலாம் என்றால், பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லாத கம்பெனி ஷேரை வாங்குவதற்கு யார் இருக்கிறார்கள்? வரியைத் தள்ளிப்போடும் சலுகை இருக்கிறது. ஆனால் அரசுச் சான்றிதழ் வாங்கிய சில ஸ்டார்ட்அப்களுக்கு மட்டும்தான். உங்கள் கம்பெனிக்கு அது இருக்கிறதா என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

இந்த 500 ரூபாய் மதிப்பு எங்கிருந்து வருகிறது? ஓசூர் பைபாஸ் ஓரத்தில் யாரோ ஒருவர் அவசரத்துக்கு ஒரு சென்ட் நிலத்தைப் பெரிய விலைக்கு வாங்கிவிட்டால், அன்றிலிருந்து அந்த வரிசையில் இருக்கும் எல்லோரும் கோடீஸ்வரர்கள் ஆகிவிடுவார்கள், விற்கப் போகும்வரை. ஒரு முதலீட்டாளர் கம்பெனியில் சிறு பங்கை ஒரு விலைக்கு வாங்குகிறார், அந்த விலையை மொத்த ஷேரோடும் பெருக்கி மதிப்பு என்கிறார்கள்.

நடக்கவே நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய சாப்ட்வேர் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானபோது, ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று அவரே சொன்னார். அதில் 70 பேர் முப்பது வயதுக்குள். ஈசாப்தான் காரணம். அதே ஷேர் 36 டாலருக்கு வெளியாகி, அடுத்த வருடமே பாதிக்கும் கீழே போய்விட்டது. சீக்கிரம் விற்றவர் வீடு கட்டினார், காத்திருந்தவர் இன்னும் காத்திருக்கிறார். 2024 நவம்பரில் அந்தக் கம்பெனி 660 பேரை வீட்டுக்கு அனுப்பியது, அதே கையோடு 40 கோடி டாலருக்குத் தன் ஷேரைத் தானே திரும்ப வாங்கப்போவதாகவும் அறிவித்தது. பணம் இல்லாமல் அனுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு பக்கம் ஆன்லைன் பாடம் நடத்திய பைஜூஸ். 2022இல் மதிப்பு 2,200 கோடி டாலர். 2024 ஜூலையில் கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய்க்காகத் திவால் வழக்குக்குப் போனது. அதே வருடம் அக்டோபரில் அதன் நிறுவனரே கம்பெனியின் மதிப்பு பூஜ்யம் என்றார். அங்கே ஈசாப் வைத்திருந்தவர்களும் ஒரு காலத்தில் புரோக்கரிடம் பெரிய தொகை சொல்லியிருப்பார்கள்.

பையனுக்கு வேலை பிடித்திருந்தால் போகட்டும். 14 லட்சத்துக்கு அந்த வேலை சரியா என்று மட்டும் யோசிக்கச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் வாசகர்: டீக்கடை வைத்திருக்கிறேன். கல்லாவில் மூன்று கம்பெனியின் ஸ்பீக்கர் பெட்டி. யூபிஐ இலவசம் என்கிறார்கள். பிறகு இந்தக் கம்பெனிகள் எதில் பிழைக்கின்றன? இப்போது ஒரு லட்சம் கடன் ரெடி என்று தினமும் மெசேஜ் வேறு.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது அண்ணா. கடைசி வரி.

யூபிஐ 2016இல் வந்தது. நடத்துவது தேசியக் கொடுப்பனவுக் கழகம். 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில் முதல் தடவையாக ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டியது. இதில் உங்கள் பத்து ரூபாய் டீயும் உண்டு. சின்னக் கடைகளில் 2,000 ரூபாய்க்குள் நடப்பதற்கு நூற்றுக்கு 15 பைசா வீதம் ஊக்கத்தொகை என்று 2024-25க்கு 1,500 கோடி ரூபாயை அரசு ஒதுக்கியது. அதைப் பேங்குகளும் ஆப்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நாடு முழுக்க இருக்கிற கூட்டத்துக்கு அது பத்தாது. ஆக மிச்சத்தைப் பெட்டி வாடகையிலும் கடனிலும்தான் எடுக்க வேண்டும்.

பெட்டி வாடகை சின்ன விஷயம், ஆனால் மூன்றுக்கும் கட்டுகிறீர்கள். எந்த ஆப்பிலிருந்து அனுப்பினாலும் எந்த கியூஆர் கோடிலும் வந்துவிடும், ஒரே பெட்டி போதும். மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கணக்கில் தானாகப் பிடிக்கும் ஆட்டோபேயை நிறுத்துங்கள். பெட்டியைக் கொடுத்துவிட்டு ஆட்டோபேயை விட்டுவிட்டால் வாடகை போய்க்கொண்டேதான் இருக்கும்.

கடனுக்கு வருவோம். தினமும் எவ்வளவு விழுகிறது என்று பெட்டி உங்களுக்குச் சத்தமாகச் சொல்கிறது, கம்பெனிக்குச் சத்தமில்லாமல் சொல்கிறது. எந்த மாதம் வியாபாரம் நன்றாக இருக்கும், எவ்வளவு தாங்குவீர்கள் என்பது உங்கள் வீட்டுக்காரம்மாவைவிட அவர்களுக்குத் தெரியும். போன வாரம் ஒரு பேக்கரிக்காரர் காட்டிய கணக்கை இங்கே போடுகிறேன். ஒரு லட்சம் கடன். தினம் 400 ரூபாய், 300 நாள். மொத்தம் 1,20,000. இருபது சதவீதம்தானே அக்கா என்றார். தினமும் அசல் குறைந்துகொண்டே வருகிறது, பாதி நாள் கழித்து ஒரு லட்சம் அவர் கையில் இல்லவே இல்லை. போட்டுப் பார்த்தால் வருட வட்டி 45 சதவீதம் பக்கம் வருகிறது. இது நம் ஊர்த் தண்டலேதான். வசூலுக்கு டிவிஎஸ் 50இல் ஆள் வராமல் யூபிஐயிலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

எந்தக் கடனாக இருந்தாலும் கையெழுத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் வருடாந்தர வட்டி விகிதம் ஒரே எண்ணாக இருக்கும். அந்த எண்ணைப் பாருங்கள், தினத் தவணையைப் பார்க்காதீர்கள். பேங்கில் முத்ரா கடன் கேட்டு அலைவது எரிச்சல்தான், ஆனாலும் ஒருதடவை அலையுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலையில் பெங்களூரில் சின்னக் கடைகளுக்கு யூபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது, பலர் கியூஆர் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு ரொக்கம் மட்டும் என்று போர்டு மாட்டினார்கள். ஸ்டிக்கரைக் கிழித்தால் பழைய வரவு அழியாது. டீக்கடை சேவைக் கணக்கில் வருவதால் வருடம் 20 லட்சம் தாண்டினால் பதிவு வேண்டும். தினம் 5,500 ரூபாய் வியாபாரம் என்றாலே அந்தக் கோட்டில் நிற்கிறீர்கள்.

ராயக்கோட்டை வாசகர்: முன்பு ஒரு பெங்களூரு ஆப் கம்பெனி எங்கள் ஊர்ப் பக்கம் சென்டர் போட்டுத் தக்காளி எடுத்தது. கமிஷன் இல்லை, மறுநாள் பேங்கில் பணம். திடீரென்று சென்டரை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது வேறொரு கம்பெனி வந்து கூப்பிடுகிறது. மண்டிக்காரர் முகத்தைத் திருப்புகிறார். யாருக்குக் கொடுப்பது?

இரண்டு பேருக்கும். ஆனால் கணக்குத் தெரிந்து கொடுங்கள்.

மண்டிக்காரர் நூற்றுக்குப் பத்து ரூபாய் வரை கமிஷன் பிடிக்கிறார். இறக்குக் கூலி தனி. கூட்டிப் பார்த்தால் வயிறு எரியும். ஆனால் அவர் முதல் ரகம், இரண்டாம் ரகம், பொடி எல்லாவற்றையும் எடுக்கிறார். நாற்றுக்கும் மருந்துக்கும் முன்பணம் கொடுக்கிறார். பெண் சடங்கு என்றால் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டலாம். கமிஷனில் பாதி அந்த முன்பணத்தின் வட்டிதான், பெயர்தான் வேறு.

ஆப் கம்பெனி முந்தின நாள் சாயங்காலம் இவ்வளவு கிலோ வேண்டும் என்று மெசேஜ் போடும். சென்டரில் பையன் ஒருவன் கிரேட்டைச் சாய்த்து ஒவ்வொரு காயாகப் பார்ப்பான். காம்புப் பக்கம் விரிசல், ஒரு புறம் பச்சை, அளவு சிறிசு என்று ஒதுக்குவான். ஒதுக்கிய காயை நீங்கள் அதே வண்டியில் மண்டிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், ஏலம் முடிந்து வெயில் ஏறிய நேரத்தில். முதல் ரகத்துக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைத்ததா, மிச்சத்துக்கு நாலு ரூபாய் குறைந்ததா என்று நோட்டில் எழுதினவர்கள் குறைவு. எழுதுங்கள்.

கமிஷனும் இல்லாமல், விலையும் கூடப் போட்டு, மறுநாளே பணமும் கொடுத்தார்களே, அது யார் காசு? பெங்களூரில் காய்கறி வாங்கின கடைக்காரர் காசு மட்டும் இல்லை. இந்த வகைக் கம்பெனிகளில் பெரியதான நிஞ்சாகார்ட் 2015இல் தொடங்கியது, வால்மார்ட்டும் ஃபிளிப்கார்ட்டும் பணம் போட்டன. அப்படி வெளிநாட்டுப் பணம் தாராளமாகப் புழங்கிய வருடங்களில் பல கம்பெனிகள் நஷ்டத்துக்கு வாங்கி நஷ்டத்துக்கு விற்று ஆள் சேர்த்தன. 2022இல் அந்தப் பணம் வற்றியதும் முதலில் மூடுவது தூரத்துச் சென்டரைத்தான். டெல்லிப் பக்கம் வீடுகளுக்குக் காய்கறி கொடுத்துவந்த ஓடிபி 2025 மே மாதம் மொத்தமாகவே மூடிவிட்டது. ராயக்கோட்டைத் தக்காளி நன்றாக இல்லை என்பதால் உங்கள் சென்டரை மூடவில்லை. எங்கோ ஒரு ஏசி அறையில் இந்த வருடம் செலவைக் குறை என்று சொல்லியிருப்பார்கள்.

அதனால் புதுக் கம்பெனிக்குக் காயில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். எடைச் சீட்டு, ஒதுக்கிய எடை, விலை மூன்றும் அன்றே போனில் வர வேண்டும். பணம் மூன்று நாள் தள்ளினால் நாலாவது நாள் காய் அனுப்பாதீர்கள், கெஞ்சினாலும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது மண்டிக்காரரும் கம்பெனிக்காரரும் தோட்டத்து வரப்பில் நின்றார்கள். கிலோ மூன்று ரூபாய்க்கு விழும்போது யார் போனை எடுக்கிறார் என்று பாருங்கள். இந்த விஷயத்தில் மண்டிக்காரருக்கு என் ஓட்டு கொஞ்சம் சாயும். அவருடைய கணக்கையும் நான்தான் பார்க்கிறேன் என்பதால் சொல்லவில்லை.

பென்னாகரம் வாசகி: என் தம்பி ரம்மி ஆப்பில் கடன் வாங்கி விளையாடினான். சட்டம் வந்து மூடிவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தோம். இப்போது டெலிகிராமில் ஏதோ லிங்க் வந்து அதில் ஆடுகிறான்.

தங்கச்சி, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் போட்ட சட்டம் பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும் தடை செய்துவிட்டது. திறமை விளையாட்டு என்ற சாக்கும் செல்லாது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த டிரீம்11 சில நாளிலேயே பண ஆட்டத்தை நிறுத்தி, சட்டையிலிருந்தும் இறங்கிவிட்டது. தண்டனை நடத்துகிறவருக்குத்தான், மூன்று வருடம் வரை சிறை. ஆடுகிறவருக்கு இல்லை. ஆகையால் தம்பி போலீசுக்குப் பயந்து எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று முதலில் அவனிடம் சொல்லுங்கள்.

டெலிகிராம் லிங்க் சட்டத்துக்கு வெளியே நடப்பது. ஜெயித்தாலும் பணம் வராது, கேட்க ஆபீஸ் கிடையாது. பணம் ஏமாந்திருந்தால் உடனே 1930க்குப் போன் போடுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தூக்கம் இல்லை, தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்றால் 14416. அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். கடன் பட்டியலை எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டிக்கொண்டு என் ஆபீசுக்கு வாருங்கள். ஃபீஸ் வேண்டாம்.

ஓசூர் வாசகர்: மூன்று வருடமாக சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறேன். எங்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ எதுவும் இல்லை. ஏதோ சட்டம் வந்துவிட்டது என்கிறார்களே?

வந்திருக்கிறது தம்பி, கைக்கு இன்னும் வரவில்லை. 2020இல் போட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆப் கம்பெனிகள் தங்கள் வருட விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரிலேயே உங்களுக்குத் தனி நல வாரியம் அமைத்துவிட்டார்கள். 2025-26 பட்ஜெட்டில் மின்சார ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். வாரியத்தில் பதிவு இல்லாமல் எதுவும் நகராது. மத்திய அரசின் தொழிலாளர் பதிவான இ-ஷ்ரமையும் முடித்துவிடுங்கள்.

இன்றைக்கே கைக்கு வரக்கூடிய ஒன்று இருக்கிறது. உங்கள் பான் நம்பரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கம்பெனி பணம் தரும்போதே டிடிஎஸ் என்று கொஞ்சம் வரி பிடித்திருக்கும். உங்கள் வருமானத்துக்கு வரி வராது, ரிட்டர்ன் போட்டால் அது திரும்ப வரும். சில ஆயிரம்தான், ஆனால் உங்கள் காசு. ஓசூர்ப் பையன்கள் பாதிப் பேர் இதை அரசாங்கத்துக்கே விட்டுவிடுகிறார்கள்.

தருமபுரி வாசகர்: நாலு ரோடு பக்கம் மளிகைக்கடை. பத்து நிமிஷ டெலிவரி இங்கேயும் வந்தால் கடையை மூட வேண்டியதுதானா?

பத்து நிமிஷக் கடைக்கு ஒரு குடோன், நாள் முழுக்க ஆள், வாசலில் வண்டிக்காரர்கள் வேண்டும். சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டரில் விடாமல் ஆர்டர் விழுந்தால்தான் கட்டும். அபார்ட்மெண்ட் அடுக்கடுக்காக இருக்கும் ஊரில் கட்டுகிறது. சொமேட்டோ 2022இல் சுமார் 4,447 கோடி ரூபாய்க்கு வாங்கிய பிளிங்கிட், இப்போது சாப்பாட்டு வியாபாரத்தையே விற்பனையில் தாண்டிவிட்டது. அதே தொழிலில் பெங்களூரில் பிறந்த டன்சோ, ரிலையன்ஸ் 20 கோடி டாலர் முதலீட்டோடு வந்தும் 2025இல் காணாமல் போனது. காசு இருந்தால் மட்டும் போதாது என்பதை நாலு ரோட்டில் நின்றே புரிந்துகொள்ளலாம்.

உங்களுக்கு ஆபத்து சிப்ஸ், ஷாம்பு, கூல்டிரிங்ஸ் வாங்கும் இளவட்டங்களிடம்தான். கேழ்வரகு, புளி, மாசச் சாமான் சீட்டு, கடன் நோட்டு, இவற்றுக்கு ஆப் வராது. வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வாங்கி சாயங்காலத்துக்குள் பையனிடம் கொடுத்தனுப்புங்கள். தருமபுரியில் பத்து நிமிஷத்தில் யாருக்கும் துவரம்பருப்பு தேவைப்படாது.

ஊத்தங்கரை வாசகி: சித்தப்பா சொன்னார் என்று குடும்பமே அரட்டை ஆப்புக்கு மாறியது. இப்போது பாதிப் பேர் வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது?

காதுகுத்துப் பத்திரிகை எதில் வருகிறதோ அதை. ஜோஹோ 2021இல் விட்ட ஆப் அது. 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று கூட்டம் குவிந்தது. அந்த நேரத்தில் எழுத்துச் செய்திகளுக்கு, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் முழு மறையாக்கம் இல்லை, பின்னால் கொடுத்தார்கள். அதனால் ஆப்பை அப்டேட் செய்து வையுங்கள்.

அந்தக் கம்பெனியில் எனக்குப் பிடித்தது வேறு. 1996இல் தொடங்கி இன்றுவரை வெளி முதலீட்டாளர் பணம் வாங்காமல், சாப்ட்வேர் விற்ற காசிலேயே வளர்ந்தது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டார்கள். வாட்ஸ்அப்பைத் தோற்கடிக்காவிட்டாலும் அதை மூடச் சொல்ல வெளியே யாரும் இல்லை. சித்தப்பாவுக்கும் அவசரமில்லை.

பாலக்கோடு வாசகர்: ஏர்டெல்லும் ஜியோவும் ஏஐ ஆப்பை இலவசமாகத் தந்தார்களே, என்ன காரணம்?

உங்கள் பழக்கத்தை வாங்குகிறார்கள். 2025 ஜூலையில் ஏர்டெல் சிம்முக்கு ஒரு வருடம் பெர்பிளெக்ஸிட்டி. அதன் தலைவர் அரவிந்த் ஸ்ரீனிவாஸ் சென்னைக்காரர், ஐஐடி மெட்ராஸ். அக்டோபரில் ஜியோவுக்கு 18 மாதம் ஜெமினி. நவம்பரில் சாட்ஜிபிடி கோ ஒரு வருடம். மூன்றுக்கும் பில் கட்டுவது அமெரிக்கப் பணம். பையன் படிப்புக்குத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். இலவசம் முடிகிற தேதியைச் சமையலறைக் காலண்டரில் எழுதி, யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலை அதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

மத்தூர் வாசகி: பர்கூர் அரசு இன்ஜினியரிங் காலேஜில் படித்தேன். அம்மாவும் நானும் கேழ்வரகு பிஸ்கட் செய்து விற்கிறோம். இதை ஸ்டார்ட்அப் என்று பதிவு செய்தால் முதலீட்டாளர் வருவாரா?

பதிவு செய்வது இலவசம் கண்ணு, ஏஜென்டுக்குப் பத்தாயிரம் கொடுக்காதே. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி, பதிவான கூட்டு நிறுவனம் போன்ற ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் புதுமை என்ன என்று கேட்பார்கள். பிஸ்கட் ருசியாக இருக்கிறது என்பது அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. தமிழ்நாடு அரசின் டான்சீட் திட்டத்தில் ஆரம்ப நிதி உண்டு. அங்கேயும் இதே கேள்விதான்.

முதலீட்டாளர் காசு போட்டால் ஐந்தாறு வருடத்தில் பல மடங்காகத் திருப்பி எடுக்கப் பார்ப்பார். அதற்கு நீ மத்தூரில் அடுப்பை மூடிவிட்டு, எட்டு ஊரில் விளம்பரம் செய்துகொண்டிருக்க வேண்டும். இப்போது உனக்குத் தேவை ஓர் அடுமனை அடுப்பு, ஒரு பேக்கிங் மெஷின், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ். கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் மானியத்தோடு கடன் எது கிடைக்கும் என்று கேள். மூன்று தடவை நடக்க விடுவார்கள், நட.

இப்போது வாங்குகிற கடைகளில் எத்தனை இரண்டாம் தடவை ஆர்டர் கொடுத்தன என்று எழுதி அனுப்பு, அதை வைத்து மேலே பேசலாம். இரண்டு பாக்கெட் ஆபீசுக்கும் கொடுத்தனுப்பு. சாம்பிள் என்று சொல்லாதே, பில் போடு.